அடுப்பங்கரைக் குப்பையில் ஒரு பாடம்



நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அக்கா, தேவாரம் படிக்கிறோம், புராணக் கதை கேக்கிறோம், அதெல்லாம் சரி. பழைய வாளியில செடி நடுறது எப்படி சமயப் பாடம் ஆகும்?"

நல்ல கேள்வி. இந்த மாதப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில்தான். இதற்கு நூல் எதுவும் தேவையில்லை. உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் சிங்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்தால் போதும். காலி எண்ணெய்ப் போத்தல், மைலோ டின், ஐஸ்கிரீம் டப்பா, முட்டைத் தட்டு, பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் பை. இதுதான் இன்றைய பாடப் பொருள்.

1. பாட்டி ஏன் டின்னை வீசமாட்டார்?

நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலு அடி நிலம் கிடைத்தாலும் அதில் கத்தரி, வெண்டை, முருங்கை, பசலை இருக்கும். வேலியில் அவரையோ புடலையோ ஏறும். பால் டின்தான் அரிசி அளக்கும் படி. தேங்காய்ச் சிரட்டைதான் அகப்பை. தென்னை ஓலையின் ஈர்க்குதான் துடைப்பம். கிழிந்த சேலை தொட்டிலாகும், பிறகு கால்மிதியாகும், கடைசியில் அடுப்பங்கரையில் சூடு பிடிக்கும் துணியாகும்.

இதை அவர்கள் ஒரு பொழுதுபோக்காகச் செய்யவில்லை. 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் வளர்த்த பிள்ளைகள்தான் நம் பாட்டிமார். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் ஒரு மரவள்ளிக் குச்சியும் இருந்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்காது என்று அவர்களுக்குத் தெரியும். பிற்பாடு 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடச் சொன்னபோது, தோட்டத்து மக்களுக்கு அது புதுச் செய்தியே இல்லை.

பிறகு என்ன ஆனது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புப் பகுதியும் செம்பனையும் வந்தன. நாம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம். நிலம் போனது பெரிய இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நிலத்தோடு சேர்ந்து அந்தக் கைப்பழக்கத்தையும் வறுமையின் அடையாளம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டோம். "ஐயோ பாட்டி, இதையெல்லாம் ஏன் வெச்சிருக்கீங்க? வீசிருங்க, வெள்ளிக்கு ரெண்டு கிடைக்கும்" என்று சொல்கிறோம். கூட்டாளி வீட்டுக்கு வரும்போது பால்கனியில் இருக்கும் பழைய வாளியை மறைத்து வைக்கிறோம்.

தம்பி தங்கைகளே, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. திருக்குறளில் 104-ஆவது அதிகாரம் முழுவதும் உழவைப் பற்றியது. பத்துக் குறளையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். மண்ணைத் தொடும் கையை வள்ளுவர் எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று தெரியும்.

2. சேர்த்து வைப்பது வேறு, பயன்படுத்துவது வேறு

இப்போது மறுபக்கம். "பாட்டி மாதிரி நானும் எதையும் வீசமாட்டேன்" என்று சொல்லி, அறை முழுக்க டப்பாவை அடுக்கி வைத்தால் அது பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது ஆகும்.

பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஐந்து யமங்கள் உண்டு. அதில் கடைசி, அபரிக்கிரகம். தேவைக்கு மேல் பொருளைப் பற்றிக்கொள்ளாமல் இருப்பது. ஐந்து நியமங்களில் முதலாவது சௌசம், அதாவது தூய்மை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வீணாக்கவும் கூடாது, குவிக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நடப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

நான் என் வீட்டில் கடைப்பிடிக்கும் முறை இது. ஒரு பொருள் காலியானவுடன் மூன்று கேள்வி கேட்பேன்.

ஒன்று, இதை இந்த மாதத்துக்குள் எதற்குப் பயன்படுத்துவேன்? "எப்பவாவது உதவும்" என்பது பதில் அல்ல.

இரண்டு, இதைக் கழுவிக் காயவைத்து வைக்க இடம் இருக்கிறதா?

மூன்று, எனக்கு வேண்டாம் என்றால் வேறு யாருக்காவது வேண்டுமா? கோயில் மடப்பள்ளிக்கு நல்ல மூடியுள்ள டப்பா வேண்டியிருக்கலாம். பாலர் பள்ளி ஆசிரியருக்கு முட்டைத் தட்டு வேண்டியிருக்கலாம்.

மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், தாராளமாக மறுசுழற்சிப் பைக்கு அனுப்பிவிடுங்கள். கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம் ஆகிவிட்டது. மற்ற இடங்களில் இருப்பவர்களும் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உயரமான மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 ஜனவரியில் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடியிலிருந்து விழுந்த நாற்காலி, கீழே தாயோடு நடந்து வந்த 15 வயது மாணவனின் உயிரைப் பறித்தது. யாருக்கோ வேண்டாத பொருள், ஒரு தாய்க்குப் பிள்ளையை இல்லாமல் ஆக்கிவிட்டது. மாடியிலிருந்து எதையும் வீசாதீர்கள். பூந்தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள். தரையிலோ, உள்பக்கம் உறுதியாகக் கட்டிய தட்டிலோ வையுங்கள்.

3. எந்தப் பாத்திரத்தில் எந்தச் செடி?

கீரைக்கு ஆழம் அதிகம் வேண்டாம். 15 சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும். 5 கிலோ எண்ணெய்ப் போத்தலைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை வெட்டி எடுத்தால் நல்ல கீரைப் பாத்தி கிடைக்கும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். தண்டுக்கீரை, கங்கோங் இரண்டும் விதை போட்ட மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம்.

மிளகாய், வெண்டை, கத்தரி, இவற்றுக்கு வேர் இறங்க இடம் வேண்டும். பெயிண்ட் வாளி அளவு இருக்க வேண்டும், ஒரு வாளிக்கு ஒரு செடிதான். தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயிண்ட் வாளி என்றால், காய்ந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவலாம். பூச்சி மருந்து, எஞ்சின் எண்ணெய், தின்னர், குளோரின் வந்த கலன்களில் உண்ணும் செடி எதையும் நடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

10 கிலோ அரிசிப் பை கத்தரிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் நல்லது. வாயை வெளிப்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் பை நேராக நிற்கும். வெயிலில் சில மாதங்களில் பை இற்றுப்போகும். நார் நாராக உதிரும் முன்பே மாற்றிவிடுங்கள்.

மைலோ டின், பிஸ்கட் டின் போன்றவை வெயிலில் கொதிக்கும், துருவும் பிடிக்கும். அவற்றை நிழல் பக்கம் வைத்துப் புதினாவுக்கோ, நாற்று வளர்ப்பதற்கோ பயன்படுத்தலாம்.

எந்தக் கலனாக இருந்தாலும் அடியில் ஓட்டை வேண்டும். சுண்டுவிரல் பருமனில் ஐந்தாறு ஓட்டை. அம்மா வெறுமனே "தண்ணி ஊத்துடா" என்று சொல்வார். வேர் மூச்சு விடவும் வேண்டும் என்பதை நாம் நினைவில் வைப்போம். தொட்டிச் செடி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் குறைவு அல்ல, தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதுதான்.

அடுத்தது வெயில். இலைக்காய்கறிக்கு ஒரு நாளுக்கு நாலு மணி நேர வெயிலாவது வேண்டும். காய் காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரம். உங்கள் பால்கனிக்கு அவ்வளவு வெயில் வராது என்றால் வெண்டைக்காய்க்கு ஆசைப்படாதீர்கள். ரம்பை இலை, புதினா, வெந்தயக் கீரையோடு தொடங்குங்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் செடி வைப்பவர்கள், நடக்கும் வழியில் 1.2 மீட்டர் இடம் விட வேண்டும். தீ விபத்து நேர்ந்தால் அந்த வழிதான் உயிர் காக்கும் வழி.

4. மண், விதை, உரம்

நம் ஊரில் நாற்றுப் பண்ணைகளில் மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல் என்று கலப்பார்கள். வீட்டுக்கும் அதே கணக்குப் போதும். வீடு கட்டும் இடத்துச் செம்மண்ணை அப்படியே அள்ளி வந்தால் நாலு நாளில் செங்கல் மாதிரி இறுகிவிடும்.

விதைக்குக் கடைக்கு ஓட வேண்டாம், அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். வெந்தயத்தை ஒரு இரவு ஊறவைத்துத் தூவினால் இரண்டு வாரத்தில் கீரை. காய்ந்த மிளகாயை உதிர்த்தால் விதை. பாசாரில் வாங்கிய கங்கோங் கட்டின் அடித்தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, தண்ணீர்க் குவளையில் வைத்தால் சில நாளில் வேர் விடும். புதினாவும் அப்படியே. செராய் தண்டும் அப்படியே. குவளைத் தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

பழைய விதையா, முளைக்குமா என்று சந்தேகமா? ஈரத் துணியில் பத்து விதையை மடித்து வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் முளைப்பாலிகை வைக்கிறோமே, நவதானியம் முளைத்துப் பச்சையாக நிற்பதைப் பார்த்து மனம் நிறைகிறோமே. விதை முளைப்பதை ஒரு மங்கலமாகவே வைத்த சமயம் நம்முடையது.

உரத்துக்கு ஒரு மூடியுள்ள வாளி போதும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு இரண்டு செங்கல் மேல் வையுங்கள். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைத் தூள், நொறுக்கிய முட்டை ஓடு போடலாம். ஒவ்வொரு பிடி ஈரக் குப்பைக்கும் இரண்டு பிடி காய்ந்த இலையோ கிழித்த நாளிதழோ முட்டைத் தட்டோ போட வேண்டும். வாரம் ஒரு முறை கிளறுங்கள். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்ததைச் சேருங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பு உரம் கிடைக்கும். இறைச்சி, மீன், சமைத்த குழம்பு, எண்ணெய், இவை மட்டும் வேண்டவே வேண்டாம். எலி வரும்.

"சாமிக்குப் போட்ட பூவை இதிலே போடலாமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். பூஜைப் பூவைக் கால் படாத இடத்தில் சேர்ப்பது நம் வீட்டு வழக்கம். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவதைவிட, சரிகை நூலையும் கம்பியையும் பிரித்துவிட்டு, தனியாக ஒரு தொட்டியில் மக்கவைத்து, துளசிக்கோ செம்பருத்திக்கோ இடுவது எவ்வளவோ மரியாதை. அந்தச் செடியின் பூ திரும்பவும் சாமி படத்துக்கே போகும்.

5. கொசு: தோட்டக்காரன் மறக்கக் கூடாத கடமை

வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது பலர் இதைச் சொல்வதில்லை. ஆனால் இதுதான் முக்கியம். என் புளோக்கில் ஒரே மாதத்தில் மூன்று வீட்டில் டிங்கிக் காய்ச்சல் வந்தது. அதில் ஒரு சிறுவன் ரத்தத் தட்டணுக்கள் இறங்கி ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தான். சுகாதார அதிகாரிகள் வந்து தேடியபோது கொசுப்புழு கிடைத்த இடங்களில் ஒன்று, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு. ஆசையாக வளர்த்த செடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோயாகிவிடலாம்.

ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். முட்டை ஈரம் இல்லாமல் பல மாதம் கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் விளிம்பைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். சுகாதார அமைச்சு வாரத்துக்கு 10 நிமிடம் ஒதுக்கச் சொல்வதன் காரணமும் அதுதான். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு.

என் யோசனை: தொட்டிக்கு அடியில் தட்டே வைக்காதீர்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மணலை நிரப்புங்கள். காலி டின், டயர், வாளி எதையும் வாய் மேலே பார்த்து வெளியில் வைக்காதீர்கள், கவிழ்த்து வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், ஆனால் வாளியில் பிடித்து நாள்கணக்கில் வைக்காதீர்கள். மேலே சொன்ன செராய், புதினாக் குவளைக்கும் இதே விதி.

"கொசுவைக் கொல்வது ஹிம்சை இல்லையா அக்கா?" என்று கேட்பீர்கள். முட்டை பொரியத் தண்ணீரே கிடைக்காமல் செய்துவிட்டால் கொல்ல வேண்டிய தேவையே வராது. சுத்தமாக இருப்பதே முதல் அஹிம்சை.

6. கைவேலை: பண்டிகைக்கு முன் ஒரு மாலை

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடையில் பிளாஸ்டிக் தோரணம் வாங்கி, அடுத்த வாரமே வீசுகிறோம். அதற்குப் பதிலாக:

பழைய பட்டுச் சேலையின் கரையை வெட்டி, முக்கோணமாக மடித்து, ஒரு கயிற்றில் தைத்தால் வாசல் தோரணம். துவைத்து மடித்து வைத்தால் வருடக்கணக்கில் வரும்.

கல்யாணப் பத்திரிகை கெட்டியான அட்டை. அதைத் திருப்பி மடித்து ஒட்டினால் தீபாவளிப் பணப் பொட்டலம். சாமி படம் அச்சான பகுதியை மட்டும் முதலில் கவனமாக வெட்டி எடுத்து வையுங்கள்.

தேங்காய்ச் சிரட்டையைக் கண்ணாடித் துண்டாலோ மணல் தாளாலோ வழவழவென்று தேய்த்து, ஓட்டைக் கண்ணைத் திறந்தால், நாற்று வளர்க்கும் சின்னத் தொட்டி. கண்ணாடித் துண்டைச் சிறுவர் கையில் கொடுக்காதீர்கள்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். பாட்டியை நாற்காலியில் உட்காரவையுங்கள், தம்பியிடம் கத்தரிக்கோலைக் கொடுங்கள், கைப்பேசிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடுங்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும். நான் கேட்காமலே என் பாட்டி லயத்துக் கதைகளைச் சொன்னது, சேலைக் கரை வெட்டிய ஒரு மாலையில்தான்.

7. தண்ணீர் ஊற்றுவது யார்?

இப்போது நேர்மையாக ஒரு விஷயம் பேசுவோம். முதல் வாரம் எல்லாரும் செடியைப் படம் எடுத்துப் போடுவோம். மூன்றாம் வாரம் அம்மாதான் தண்ணீர் ஊற்றுவார். ஏற்கெனவே வேலைக்கும் போய், சமைத்து, துவைத்து, நம்மையும் பார்த்துக்கொள்பவருக்கு இன்னொரு வேலையைக் கட்டிவிட்டு, அதற்குச் "சுற்றுச்சூழல் சேவை" என்று பெயர் வைப்பதில் புண்ணியம் இல்லை.

அதனால் ஒரே ஒரு தொட்டி. உங்கள் பெயர் எழுதிய தொட்டி. காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கோ வேலைக்கோ கிளம்புவது. அந்தத் தொட்டி மூன்று மாதம் உயிரோடு இருந்தால் இரண்டாவது தொட்டி. ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

காசு மிச்சமாகுமா? கொஞ்சம் ஆகும். பால்கனியில் நாலு வாளி வைத்து ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவை ஈடுகட்ட முடியாது. ஆனால் கறிவேப்பிலை, மிளகாய், புதினா, கீரை, இவற்றை ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு வாங்கிப் பாதியை அழுகவிடுகிறோமே, அந்த வீண் நின்றுவிடும். வேண்டிய நாலு இலையை மட்டும் பறிக்கலாம். இன்னொன்றும் நடக்கும். ஒரு வெண்டைக்காய் வர 50, 60 நாள் ஆகும் என்று கண்ணால் பார்த்தவன், தட்டில் சோற்றை மிச்சம் வைக்க யோசிப்பான். தோட்டத்தில் பால் வெட்டிய கைகளையும், கேமரன் மலையில் காய் பறிக்கும் கைகளையும் நினைத்துப் பார்ப்பான்.

தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். சாப்பிடும் முன் கண் மூடி நன்றி சொல்கிறோம். யாருக்கு, எதற்கு என்று தெரிந்து சொல்லும் நன்றிக்குத்தான் கனம் அதிகம்.

இந்த மாதப் பயிற்சி

முதல் வாரம்: வீட்டில் ஒரு நாளில் சேரும் குப்பையை மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். மக்கும் குப்பை, திரும்பப் பயன்படுத்தக்கூடியது, மறுசுழற்சிக்குப் போவது.

இரண்டாம் வாரம்: ஒரு கலனைக் கழுவி, ஓட்டை போட்டு, வெந்தயமோ கங்கோங் தண்டோ நடுங்கள். கலனில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

மூன்றாம் வாரம்: வீட்டைச் சுற்றி 10 நிமிடம் தேங்கிய தண்ணீரைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தனியாக இருந்தால், கேட்டுக்கொண்டு அவர் வீட்டிலும் பாருங்கள்.

நாலாம் வாரம்: பறித்த முதல் பிடி கீரையைச் சாமி அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அம்மாவிடம் கொடுக்காமல் நீங்களே சமையுங்கள்.

கலந்துரையாடக் கேள்விகள்

1. உங்கள் தாத்தா பாட்டி செய்த எந்த வேலையைச் செய்ய நீங்கள் கூச்சப்படுகிறீர்கள்? ஏன்?

2. அபரிக்கிரகத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

3. நம் கோயிலில் ஒரு நாளைக்குச் சேரும் பூ, வாழை இலை, தேங்காய் ஓடு எங்கே போகிறது? அதில் நம் இளைஞர் குழு என்ன செய்ய முடியும்? நிர்வாகத்திடம் பேச இரண்டு பேர் முன்வாருங்கள்.

வகுப்புக்கு வரும்போது செடியின் படம் வேண்டாம். ஒரு பிடி கீரையோடு வாருங்கள். சேர்த்துக் கடைந்து எல்லாரும் சாப்பிடுவோம்.